மந்திரித்த காது மெசின்

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 30ஆம் திகதி சனிக்கிழமை, மன்னார் பள்ளிமுனையின் பங்கு மண்டபத்தில் பன்னிரண்டு முதியவர்கள் ஆளுக்கொரு காது மெசின் வாங்கினார்கள்.

ஒருவரும் தனக்கென்று வாங்கவில்லை. ஒருவர் தமையனுக்கு வாங்கினார், ஒருத்தி பக்கத்து வீட்டுக்காரிக்கு வாங்கினாள், இன்னொருவர் "சும்மா கிடக்கட்டும்" என்று வாங்கினார். வள்ளத்து எஞ்சின் திருத்தும் யோசேப் மட்டும் யாருக்கென்று சொல்லாமல் பெட்டியைச் சாரத்துக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவருக்கு வயது எழுபத்து மூன்று. நாற்பது வருடம் ஓடுகிற எஞ்சினுக்கு மேல் தலையை வைத்துக்கொண்டிருந்தவரின் காது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. யோசேப்பும் சொல்லவில்லை.

காரணம் பசாம். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கோவிலில் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்று யேசுவின் பாடுகளை மாறி மாறிப் பாடுவார்கள். ஒரு பக்கம் முடிக்க மற்றப் பக்கம் எடுக்கவேண்டும். வலப்பக்கத்துக்கு இருபத்தாறு வருடமாக யோசேப்தான் எடுத்துக் கொடுப்பவர். இடப்பக்கம் முடித்துவிட்டது என்பதே காதில் விழாத ஆளை யாரும் அந்த இடத்தில் விட்டுவைக்க மாட்டார்கள். விட்டால் பிடிப்பதற்கு வான் ஓடும் துஷாந்தன் காத்திருந்தான். முப்பது வயது, நல்ல குரல். யோசேப்புக்கு அவனிடம் பிடிக்காதது அந்தக் குரல்தான்.

மெசின் விற்றவனின் பெயர் றொஷான். கழுத்தில் ரை கட்டியிருந்தான். பள்ளிமுனையில் ரை கட்டுவது கலியாண மாப்பிள்ளையும் பிரேதமும் மட்டுந்தான் என்பதால் எல்லோரும் மரியாதையாகப் பார்த்தார்கள். "கண்ணுக்கு லூசியம்மா இருக்கிறா, காதுக்கு நாங்கள் இருக்கிறம்" என்று கோவில் புனிதையையும் இழுத்துத் தொடங்கினான். பிறகு ஒவ்வொருவருக்கும் பின்னால் நின்று பெயரைக் கேட்டான். மெசின் போடாதபோது மெல்லக் கேட்டான், போட்ட பிறகு கத்திக் கேட்டான். பன்னிரண்டு பேரும் வியந்தார்கள். யோசேப் கொடுத்த காசுக்கு ஒரு பழைய எஞ்சின் எடுத்திருக்கலாம்.

போகும்போது றொஷான் ஒரு நல்ல யோசனையும் சொன்னான். நாளைக்குப் பூசை முடிய ஃபாதரிடம் கொடுத்து மந்திரித்துவிட்டுப் பாவியுங்கள் என்றான். அந்த ஊரில் வள்ளம், எஞ்சின், ஓட்டோ, குளிர்பெட்டி எதுவும் தீர்த்தம் தெளிக்காமல் வேலைக்கு இறங்குவதில்லை. அதனால் மறுநாள் பீடத்தடியில் ஒரு தட்டில் பன்னிரண்டு மெசின்களும் திறந்த பெட்டிகளோடு வரிசையாக இருந்தன. ஃபாதர் தாராளமான மனிதர். மூன்று முறை வீசி அடித்தார்.

மெசின் ஒன்பது நாள் வேலை செய்தது. பத்தாம் நாள் விசிலடிக்கத் தொடங்கியது. விசிலைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. மற்றப் பதினொன்றும் அப்படித்தான்.

யோசேப்பின் மனைவி பிரான்சிஸ்கா றொஷானுக்கு ரெலிபோன் எடுத்தாள். அவன் மிகப் பணிவாக ஒரேயொரு கேள்வி கேட்டான்: தண்ணி ஏதும் பட்டதா? பிரான்சிஸ்கா தீர்த்தம் என்றாள். தீர்த்தமும் தண்ணிதானே அம்மா என்று அவன் வருத்தப்பட்டான். உத்தரவாதக் கடதாசியின் பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்ததுபோல் சின்ன எழுத்தில், ஈரம் பட்டால் கம்பனி பொறுப்பில்லை என்று இருந்தது.

யோசேப் கடதாசியை மடித்து வைத்தார். நாற்பது வருடமாக, தான் பிழையாகத் திருத்திய எஞ்சின்களைத் திருப்பிக் கொண்டுவந்தவர்களிடமெல்லாம் உப்புத் தண்ணி பட்டதோ என்றுதான் அவரும் கேட்டிருந்தார். கடலில் ஓடுகிற எஞ்சினில் உப்புத் தண்ணி படாமல் என்ன செய்யும்? ஒருவரும் மறுகேள்வி கேட்டதில்லை.

பெப்ரவரி நடுவில் பாவனையாளர் உரிமை பற்றி முதியவர்களுக்கு விளக்க மன்னாரிலிருந்து சுவேதினி என்ற உத்தியோகத்தர் வந்தாள். அதே மண்டபம், அதே கதிரைகள். பொருள் பழுதென்றால் விற்றவர் பொறுப்பு என்றாள். ஏமாந்தது வெட்கமில்லை, ஏமாற்றினவன்தான் வெட்கப்படவேண்டும் என்றாள். வாங்கி மூன்று மாதத்துக்குள் பற்றுச்சீட்டோடு எழுத்தில் முறைப்பாடு தரவேண்டும் என்றாள். இங்கே யாராவது அப்படி ஏமாந்தீர்களா என்று கேட்டாள். ஒரு கையும் உயரவில்லை. பாதிப் பேருக்கு வெட்கம், மற்றப் பாதிக்குக் கேள்வி கேட்கவில்லை.

யோசேப் ஒரு படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு நேரே ஃபாதரிடம் போனார். மந்திரித்த பொருளைத் திருப்பிக் கொடுப்பது பாவமா என்பதுதான் சந்தேகம். மற்றப் பதினொரு பேரையும் தடுத்து வைத்திருந்ததும் அதுவே. ஃபாதர் படிவத்தை வாங்கிப் பார்த்தார்.

"நான் வேலை செய்யச் சொல்லித்தான் மந்திரிச்சனான்" என்றார். "அது செய்யேல்லை. கொண்டுபோய்க் குடுங்கோ."

பாவம் தீர்ந்தது. தண்ணி தீரவில்லை. அதற்கு வழி அப்துல் றசாக்கின் கடையில் கிடைத்தது.

கொண்டச்சியைச் சேர்ந்த றசாக் மன்னார் பசாரில் நங்கூரமும் கயிறும் விற்பவர். பதினைந்து வருடமாகப் பின்னேரங்களில் இருவரும் அங்கே பிளேன்ரீ குடித்துக் கதைப்பார்கள். கடைசி ஐந்து வருடமாக ஒருவர் சொல்வது மற்றவருக்குச் சரியாகக் கேட்டதில்லை. இருவரும் தலையாட்டிச் சமாளித்ததால் நட்புக்குக் குறையில்லை. அன்று றசாக் சீனி எடுக்க லாச்சியை இழுத்தபோது உள்ளே அதே பெட்டி கிடந்தது. றொஷான் கொண்டச்சிக்கும் போயிருக்கிறான்.

"ஆமினாவுக்கு வாங்கினது" என்று மனைவியின் மேல் போட்டு உரக்கச் சொன்னார் றசாக்.

"ஆமினாத்தாவுக்கு நாலு வீடு தள்ளிக் கதைக்கிறதும் கேக்கும், நானா" என்று யோசேப்பும் உரக்கவே சொன்னார்.

றசாக் பிளேன்ரீயைக் கலக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் மெசின் பழுதென்று றொஷானிடம் சொன்னபோது, தொழுகைக்கு ஒளு எடுக்கும்போது கழற்றினீர்களா என்று அவன் கேட்டதாகச் சொன்னார். ஐந்து நேரமும் காதைக் கழுவுகிற மனிதரிடம் கேட்கவேண்டிய கேள்விதான். றசாக்கோ யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பெட்டியைத் திறக்கவே இல்லை. ஒட்டின பட்டி ஒட்டினபடி இருந்தது. பற்றுச்சீட்டும் உள்ளேதான்.

யோசேப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தீர்த்தமும் படாத, ஒளுத் தண்ணியும் படாத ஒரு மெசின். படிவத்தை அங்கேயே நிரப்பி இருவரும் கையெழுத்து வைத்தார்கள். மற்றவர்களின் கையெழுத்தைப் பிரான்சிஸ்கா வீடு வீடாகப் போய் வாங்கினாள்.

விசாரணை மார்ச் 4ஆம் திகதி, விபூதிப் புதனுக்கு முதல்நாள், மாவட்டச் செயலகமான கச்சேரியில் நடந்தது. எல்லோரையும் ஏற்றிப்போக ஒரு வான் தேவைப்பட்டது. ஊரில் வான் துஷாந்தனிடம் இருந்தது. அவன் இறக்கிவிட்டுப் போகாமல் உள்ளே வந்து பின்சுவரில் சாய்ந்து நின்றான்.

றொஷான் ரையோடு வந்து தண்ணிக் கதையைச் சொன்னான். விசாரித்த அதிகாரி கேட்டுக்கொண்டார். பிறகு றசாக்கின் பெட்டி மேசைக்கு வந்தது. எல்லோருக்கும் முன்னால் பட்டி வெட்டப்பட்டது. காது கேட்கிறவர் போட்டுப் பார்த்துப் பயனில்லை, காது கேளாத ஒருவர் வேண்டும், யார் வாறீர்கள் என்று அதிகாரி கேட்டார். சுவேதினி அதை உரக்கத் திருப்பிச் சொன்னாள்.

முறைப்பாட்டில் மெசின் பழுதென்றுதான் எழுதியிருந்தது. யாருக்குக் காது கேளாது என்று எந்த வரியிலும் இல்லை. றசாக் செருப்பைப் பார்த்தார். தமையனுக்கு வாங்கியவர் கூரையைப் பார்த்தார். யோசேப் திரும்பித் துஷாந்தனைப் பார்த்தார். அவன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிரான்சிஸ்கா முழங்கையால் இடித்தாள்.

யோசேப் எழும்பினார்.

"எனக்குக் காது கேளாது" என்றார். "ஆறு வருசமா."

அங்கிருந்த ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. பிரான்சிஸ்கா அவர் காதுக்குக் கிட்டக் குனிந்தாள். "ஊருக்கெல்லாம் தெரியும். உங்களுக்குத்தான் ஒருத்தரும் சொல்லேல்லை."

அவள் சொன்னது முழுக்க உண்மை. ஆறு வருடமாக இடப்பக்கம் பாடி முடிக்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்தில் நிற்கும் துஷாந்தன் கையைத் தூக்கி நெற்றியைத் துடைப்பான். அவனுக்கு அவ்வளவு வேர்க்கிறதே என்று யோசேப் ஒவ்வொரு வெள்ளியும் உள்ளுக்குள் சந்தோசப்பட்டிருக்கிறார். அந்தக் கையைப் பார்த்தே தான் பாட்டை எடுத்துவந்தது இப்போது நினைக்கத்தான் பிடிபட்டது.

மெசினை மாட்டினார்கள். சுவேதினி பின்னால் நின்று ஒரே அளவான குரலில் ஒரு கடதாசியை வாசித்தாள். யோசேப்புக்கு விசில் கேட்டது; பட்டி வெட்டாமலே அது பெட்டிக்குள் கெட்டிருந்தது. அப்படியே சொன்னார்.

"ஐயா பொய் சொல்லுறார்" என்றான் றொஷான்.

"அப்ப நீங்கள் போட்டுப் பாருங்கோ" என்றார் அதிகாரி.

றொஷான் போட்டான். ஐந்து நொடியில் பிடுங்கி மேசையில் வைத்துவிட்டுக் காதைத் தேய்த்தான். பிறகு ரையைத் தளர்த்திக்கொண்டு, கம்பனியோடு கதைத்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனான்.

கையெழுத்து வைத்த பதின்மூன்று பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி கம்பனிக்குக் கட்டளை இடப்பட்டது. மார்ச் முடிவதற்குள் கொடுத்தார்கள். மெசின்களைக் கம்பனி திருப்பி எடுத்தது.

மார்ச் 7ஆம் திகதி வெள்ளிக்கிழமை பள்ளிமுனைக் கோவிலில் வலப்பக்கத்துக்குத் துஷாந்தன் எடுத்துக் கொடுத்தான். யோசேப் இரண்டாம் வாங்கில் நின்று புத்தகத்தைப் பார்த்துப் பாடினார். இரண்டு வரி பிந்தி முடித்தார்.