நெத்திலி வைத்த தட்டு

எழுபத்தெட்டாம் வருஷம் கிளிஞ்சல்மேட்டுப் பால்வாடிக்கு என்னை டீச்சராகப் போட்டார்கள். நான் காரைக்கால் டவுன்காரி. பெயர் அமலராணி. பெயரில்தான் ராணி, சம்பளம் கைக்கும் வாய்க்கும் சரி. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

அந்த வருஷம் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டில் தினமும் ஒரு காய் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. உத்தரவு போட்டவர்களுக்கென்ன, உட்கார வைத்து ஊட்டப் போகிறவள் நான் அல்லவா? மீன் குழம்பில் கிடக்கும் கத்தரிக்காயையும் மாங்காயையும் தவிர வேறு காய் அறியாத பிள்ளைகள். கேரட், பீட்ரூட், நூல்கோல் எதையும் கண்ணால் கண்டதில்லை. முதல் நாள் பீட்ரூட் பொரியலைப் பார்த்ததும் ஒரு வாண்டு, “ஐயோ டீச்சர், ரத்தம்!” என்று அலறிற்று. அவ்வளவுதான், அத்தனை தட்டும் நகர்ந்துவிட்டது.

நானா விடுவேன்? ஒரு கை அள்ளி வாயில் போட்டு மென்று, நாக்கை நீட்டிக் காட்டினேன்.

“பாருங்க, டீச்சர் வெத்தலை போட்டுட்டேன். என்னைவிட யாரு நாக்கு செவக்குதுன்னு பாப்போம்!”

ஒன்று தின்றது, நாக்கை நீட்டிற்று. அதைப் பார்த்து இன்னொன்று. அரை மணியில் பால்வாடி முழுக்கச் சிவந்த நாக்குகள். மறுநாளிலிருந்து, தட்டைக் காலி செய்கிற பிள்ளைக்கு எல்லோரும் கை தட்ட வேண்டும் என்று ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். அந்தக் கைத்தட்டலுக்காக நூல்கோலைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு முழுங்கினார்கள்.

தையல்நாயகி மட்டும் மசியவில்லை. நாலு வயசு. பெரிய கண், குச்சிக் கை கால். அவளுடைய அம்மா செல்வம்மாள் எண்ணெய் வழிய வாரிப் பின்னி, ஒரு துண்டு கதம்பமாவது வைத்துத்தான் அனுப்புவாள். வெறும் சோற்றை மட்டும் தின்றுவிட்டுக் காயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைப்பாள் பெண். கேரட்டைப் பூவாக வெட்டிக் கொடுத்துப் பார்த்தேன். கெஞ்சினேன், கொஞ்சினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

“ஏண்டி, வாயில பூட்டா போட்டிருக்கு? தின்னா என்ன ஆயிரும்?”

“எங்கப்பா செத்துப் போயிருவாங்க டீச்சர்” என்றாள்.

ஆயா அஞ்சுகம் அந்த ஊர்க்காரி. அவள்தான் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னாள்.

“எங்க ஊர்ல சாவு விழுந்தா கருமாதி வரைக்கும் வீட்ல மீனு சமைக்க மாட்டோம் டீச்சர். வெறும் காய்தான். போன வருசம் இதோட தாத்தா செத்தப்ப அப்படித்தான் சாப்பிட்டுச்சு. புள்ளைக்கு அது மனசுல நின்னு போச்சு.”

“சரி, அப்பாவுக்கு என்ன?”

“ஐப்பசியில கட்டுமரத்துல போன பூமிநாதன் இன்னும் கரை திரும்பல. ஊரே தேடிச்சு. மரமும் கெடைக்கல, ஆளும் கெடைக்கல. காரியம் பண்ணிருவோம்னு பஞ்சாயத்துல சொல்றாங்க. செல்வம்மா ஒத்துக்க மாட்டேங்குது.”

அன்று சாயங்காலமே செல்வம்மாள் வீட்டுக்குப் போனேன். அடுப்பில் மத்திக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. புருஷனுக்கென்று ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்தாள்; தினமும் வைக்கிறாளாம். கழுத்தில் தாலி பளிச்சென்று மஞ்சள் பூசிக் கிடந்தது.

“புள்ள காய் திங்க மாட்டேங்குதுன்னு சொல்லத்தானே வந்தீங்க?” என்றாள். “திட்டாதீங்க டீச்சர். இந்த வீட்ல மீன் கொழம்பு கொதிக்கிற வரைக்கும் அவங்க இருக்காங்க. நாந்தான் புள்ளகிட்ட அப்படிச் சொல்லி வச்சிருக்கேன். எங்கயாவது கரை ஏறியிருப்பாங்க. வருவாங்க.”

மாதாவே! உன் பெண்ணுக்கு உடம்பில் சத்தில்லை என்று சொல்லப் போனவள், ஒரு வாய் குழம்புச் சோறு தின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

வரும் வழியில்தான் அது தோன்றியது. மறுநாள் நெத்திலிக் கருவாட்டை வறுத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனேன். பால்வாடியில் கருவாடு கூடாது. அஞ்சுகம், “மேலதிகாரி வந்தா என்ன பண்ணுவீங்க?” என்று பயந்தாள். வந்தால் அவருக்கும் ரெண்டு வைப்போம் என்றேன். தையல்நாயகியின் தட்டில் கேரட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு நெத்திலியை வைத்தேன்.

“பாத்தியா? இதுல மீனு இருக்கு. மீனு இருக்கிற தட்டுல காய் தின்னா ஒண்ணும் ஆவாது. உங்கப்பாவுக்கு ஒரு கொறையும் வராது.”

நெத்திலியை உற்றுப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு துண்டு கேரட்டை நாக்கில் வைத்தாள். “தித்திக்குது” என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் தினமும் அவள் தட்டில் காவலுக்கு ஒரு நெத்திலி. அதைக் கடைசி வரைக்கும் தொடமாட்டாள். பக்கத்தில் இருக்கும் காயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பாள், தட்டை மட்டும் ஒரு நாளும் காலி செய்ததில்லை. கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. மற்றப் பிள்ளைகளுக்குக் கை தட்டும்போது, “எனக்கு எப்ப டீச்சர்?” என்று கேட்பாள். “முழுசா தின்னு, ஊரே கேக்குற மாதிரி தட்டுறேன்” என்பேன்.

மாசி மாதம் ஒரு காலை, அவளை யாரோ உறவுக்காரப் பெண் கொண்டுவந்து விட்டுவிட்டு விறுவிறுவென்று திரும்பிப் போனாள். தலை வாரியிருக்கவில்லை. பூவும் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுடவில்லை.

மதியம் பீட்ரூட் பொரியல். வழக்கம்போலப் பொட்டலத்தைப் பிரித்து அவள் தட்டில் நெத்திலியை வைக்கப் போனேன். சின்னக் கையால் தட்டை மூடிக்கொண்டாள்.

“கருவாடு வேண்டாம் டீச்சர்.”

“ஏண்டா கண்ணு?”

“மீனு திங்கக் கூடாதாம். எங்க வீட்ல இன்னிக்குக் காய்தான்.”

நிமிர்ந்து அஞ்சுகத்தைப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “நேத்துப் பக்கத்துப் பட்டினச்சேரி ஆளுங்க கடல்ல ஒரு கட்டுமரத்தைப் பாத்து இழுத்தாந்துட்டாங்க டீச்சர். அதுல பூமிநாதன் கட்டின சாமிக் கயிறு அப்படியே இருந்துச்சு. செல்வம்மாவே அடுப்புல தண்ணியை ஊத்திருச்சு.”

தையல்நாயகி சாப்பிட ஆரம்பித்திருந்தாள். இத்தனை நாளும் ஓரம் ஓரமாகக் கொறித்த பெண், பீட்ரூட்டைச் சோற்றோடு பிசைந்து பெரியவர்களைப் போல வாய் நிறைய அள்ளித் தின்றாள். இனி தடுத்து நிறுத்த அவளுக்கு எதுவும் இல்லை. நிறுத்துடி, தின்னாதே என்று கத்த வேண்டும்போல இருந்தது எனக்கு. ஒரு பருக்கை, ஒரு துண்டு மிச்சமில்லாமல் துடைத்துவிட்டுத் தட்டைத் தூக்கிக் காட்டினாள்.

பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? தையல் தட்டைக் காலி செய்துவிட்டாள் என்று எல்லாமாக எழுந்து நின்று படபடவென்று கை தட்டின. அவள் சிவந்த வாயோடு சுற்றிப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“ஊரே கேக்குற மாதிரி தட்டுறேன்னீங்க. நீங்க தட்டலையே டீச்சர்?”

கையிலிருந்த நெத்திலியைக் கீழே போட்டுவிட்டு நானும் தட்டினேன்.