முதல் வெட்டு

ஃபிஜித் தீவின் புலிலேகா ஊரில் கரும்பு வெட்டும் கேங்குக்கு வருஷா வருஷம் ஒரு சர்தார் வேண்டும். இன்றைக்கு யார் வயல், நாளைக்கு யார் வயல் என்று சொல்பவர் அவர்தான். சர்க்கரை மில் திறக்கும் முன் எல்லாரும் ஒரு வீட்டில் கூடி, நங்கோனா வேர்ப்பொடியைக் கரைத்துக் குடித்து, கை தூக்கி அவரைத் தேர்ந்தெடுப்பார்கள். இன்னொரு விதியும் உண்டு. போன வருஷம் யார் கரும்பு கடைசியாக வெட்டப்பட்டதோ, இந்த வருஷம் அவர்களுக்கே முதல் வெட்டு.

1987-இல் முதல் வெட்டு மோகினிக்கு வரவேண்டியது. அப்பா அப்பல்சாமி இடுப்பொடிந்து படுத்ததிலிருந்து நிலத்தை அவள்தான் பார்த்தாள். வருஷச் சாப்பாடு, அப்பாவின் மருந்து எல்லாம் அந்தக் கரும்பில்தான் நின்றுகொண்டிருந்தன. மழைக்கு முன் வெட்டியாக வேண்டும்; வயல் சேறானால் லாரி இறங்காது.

மே மாதம் பட்டாளம் பாராளுமன்றத்துக்குள் புகுந்து, ஏப்ரல் தேர்தலில் வந்த அரசைக் கவிழ்த்தது. யாரும் கூட்டம் போடக்கூடாது என்று ரேடியோ சொன்னது. சர்தார் தேர்தலை எப்படி நடத்துவது என்று, நங்கோனா குடிக்க வந்த இடத்தில் எல்லாரும் தலையைச் சொறிந்தார்கள். அதிகம் பேசாத மோகினிதான் அன்றைக்கு வாயைத் திறந்தாள்.

"எதுக்கு ஓட்டு? ஏப்ரல்ல போட்டோமே, மே மாசம் துப்பாக்கி வந்து தின்னுட்டுப் போயிடுச்சு. போன வருஷ சர்தார் வெங்கடசாமி மாமா நல்லவர். அவரே இருக்கட்டும். எத்தனை வருஷம் வேணும்னாலும் இருக்கட்டும்."

"அப்படிப் போடு! இனிமே இவர்தான் நம்ம ராஜா," என்றான் பக்கத்து வயல் ஷாலேந்திரா. முதல் கிண்ணம் நங்கோனாவை இரண்டு கையாலும் ஏந்தி வெங்கடசாமியிடம் நீட்டினான். எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள்.

வெங்கடசாமி நல்லவராகத்தான் இருந்தார். தொல்லை அங்கேதான் தொடங்கியது.

மில் அந்த வருஷம் தாமதமாகத்தான் திறந்தது. பட்டாளத்துக்குப் பயந்து பலர் நாட்டைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். முதல் வாரமே பிஜேந்திரா வந்து அழுதான். கனடா விசா வந்துவிட்டது, கரும்பை நிற்கவிட்டு எப்படிப் போவது என்றான். சர்தாருக்கு மனசு கேட்கவில்லை. மோகினி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"பொண்ணே, நீ எங்கயும் போகப்போறதில்லையே. கொஞ்சம் பொறு."

மோகினி சரி என்றாள். அடுத்து பிரிஸ்பேன் போகிற ஒரு குடும்பம் அழுதது. அதற்கடுத்து ஆக்லாந்து. அழுதவர்களுக்கெல்லாம் முதல் வெட்டு கிடைத்தது. மோகினிக்கு அழத் தெரியாது. சாயங்காலம் அப்பா படுக்கையிலிருந்து கேட்பார்: "இன்னிக்கு யார் வயல்?" யாரோ ஒருவர் பெயரைச் சொல்வாள்.

அக்டோபரில் நாடு குடியரசாகிவிட்டது, இனி இங்கிலாந்து ராணி கிடையாது என்று ரேடியோ சொன்னது. மோகினியின் கரும்பு பூத்து வெளுத்துவிட்டது. மலைப் பக்கம் மேகம் இறங்கத் தொடங்கியது. அடுத்தது ஷாலேந்திரா வயல், அவனும் கனடா போகிறான் என்று கேட்டதும் அவள் மதியம் வெட்டு நடக்கும் இடத்துக்கே போனாள். எல்லாரும் ரொட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"விதிப்படி வெட்டுறதா, போறவங்களுக்கு முதல்ல வெட்டுறதான்னு கை தூக்கணும்," என்றாள். 

"கூட்டம் போட்டா உள்ள தள்ளிடுவாங்க," என்றான் கேங்கில் வெட்டும் ராஜேந்திரா.

"சாப்பிடுறது கூட்டமாகாது."

ஷாலேந்திரா சிரித்தான். "ராணியம்மாவையே அனுப்பிட்டாங்க. பாவம், பண நோட்டுல மட்டும் சிரிச்சுக்கிட்டு இருக்காங்க. இந்தம்மா இப்போ ஓட்டுக் கேக்குது! ராஜா வேணும்னு சொன்னது நீதானே?"

"நான்தான் சொன்னேன். தப்பா சொல்லிட்டேன்."

வெங்கடசாமி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ஓட்டெல்லாம் வேண்டாம் பொண்ணே. நாளைக்கு..."

"வேணும், மாமா."

அவர் திரும்ப உட்கார்ந்தார்.

கை தூக்கினார்கள். விதி பக்கம் மோகினியோடு மூன்று கை. போகிறவர்கள் பக்கம் ஐந்து. அந்த ஐந்தில் ராஜேந்திராவின் கையும் இருந்தது. அவனுக்குப் பாஸ்போர்ட்கூடக் கிடையாது. மோகினி பார்த்ததும் ரொட்டிப் பக்கம் குனிந்துகொண்டான்.

"நாளைக்கே எனக்கும் விசா வரலாமில்ல," என்றான்.

 வெங்கடசாமி அவளருகில் வந்து மெதுவாகச் சொன்னார்: "நாளைக்கு உன் வயல்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள நீ..."

"இப்பவும் சொல்லலாமே சர்தார். நீங்க சொன்னா யாரு மாட்டேங்கப்போறா?" என்றான் ராஜேந்திரா, தலையைத் தூக்காமலே.

ஷாலேந்திரா சிரிப்பை நிறுத்தினான். சர்தார் மோகினியின் முகத்தைப் பார்த்தார்.

"சொல்லட்டுமா?"

அவளுக்கு அப்பாவின் மருந்துப் புட்டி கண்ணில் வந்தது. சொல்லுங்க என்ற ஒரு வார்த்தை போதும், நாளைக் காலையில் கேங் அவள் வயலில் இறங்கிவிடும். அடுத்த வாரம் வேறு யாராவது வந்து அழுவார்கள். அப்போதும் மாமா சொல்வதுதான் நடக்கும்.

"வேண்டாம் மாமா," என்றாள். "கை தூக்கியாச்சு."



அன்று சாயங்காலம் அப்பா கேட்டார்: "இன்னிக்கு யார் வயல்?"

"மதியத்துக்கு மேல ஷாலேந்திராவுது தொடங்கியிருக்காங்க."

"நாளைக்கு?"

"நாளைக்கும் அதுதான்."

அப்பா முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார். முடியவில்லை. "யாரு சொன்னது? வெங்கடசாமியா? அவனைக் கூப்பிடு, நான் கேக்குறேன்."

"அவர் சொல்லலப்பா," என்றாள் மோகினி. "எல்லாரும் சேர்ந்து சொன்னோம்."

அப்பா வேறென்னவோ கேட்டார். தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் அவர் கேட்டது அவள் காதில் விழவில்லை.