பட்டாளத்து லாரியின் ஸ்டியரிங்

மிதித்த பெடல் பலகைவரை போய்ப் படுத்துக்கொண்டது. எழுந்திருக்கவில்லை.

குவாரிச் சரிவில் லாரி இறங்கிக்கொண்டிருந்தது. முதுகில் கருங்கல் லோடு. பட்டாளம் கழித்துக்கட்டி ஏலத்தில் விட்ட வண்டி. எல்லாச் சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் குழாய். போனால் ஒட்டுமொத்தமாகப் போகும். டிரைவர் குத்திக் குத்தி மிதித்தார். ஈரத்துணியை மிதிக்கிற மாதிரி இருந்தது.

"மாமா, என்ன வண்டி பறக்குது?" பக்கத்தில் இருந்த மச்சினன் கதவைப் பிடித்துக்கொண்டான். லோடு ஏற்றுகிறவன் அவன்.

"வாயை மூடு மாப்ள. ஹாரனை அடி."

சரிவின் அடியில் பெண்கள் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார்கள். சுத்தியல் சத்தத்தில் ஹாரன் எங்கே கேட்கும்? டிரைவர் என்ஜினை ஒரு உறுமு உறுமவிட்டு இரண்டாவது கியருக்கு அடித்தார். கியர் பெட்டி பல்லை நறநறவென்று கடித்துவிட்டு வழிக்கு வந்தது. பிறகு முதல் கியர். ஹேண்ட் பிரேக்கை அக்குள்வரை இழுத்தார். கருகல் நாற்றம் ஏறியது. அதற்கும் அடங்காமல்போகவே, ஓரத்து மண்மேட்டில் வண்டியை உரசவிட்டார். தகரம் கதறியது. ஜல்லிக் குவியலை முட்டுகிற தூரத்தில் வண்டி நின்றது.

"கட்டை போடு!"

மச்சினன் குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தான். டிரைவர் பிரேக் ஆயில் டப்பாவுக்குள் விரலை விட்டு முகர்ந்தார்.

"இதுல எவன்டா என்ஜின் ஆயிலை ஊத்துனது?"

மச்சினன் தலையைச் சொறிந்தான். "நான்தான் மாமா. பிரேக் ஆயில் தீந்துபோச்சு, எல்லாம் ஆயில்தானே, ஊத்துடான்னு மேனேஜர் சொன்னாரு."

"உள்ள ரப்பரெல்லாம் ஊறி உப்பிப்போயிருக்கும்டா. அப்புறம் எங்க பிரேக் பிடிக்கும்?"

மேனேஜர் ஓடிவந்து முதலில் நசுங்கிய தகரத்தைத்தான் தடவிப் பார்த்தார். "பட்டாளத்து வண்டிய்யா! குண்டு விழுந்தாலும் அசையாது."

"அசையாம நிக்கத்தான் சார் நானும் மிதிச்சேன்."

பெண்கள் சிரித்தார்கள். மேனேஜருக்கு முகம் சுண்டிப்போனது. "லோடு இன்னிக்குப் போயாகணும். மெதுவா ஓட்டு, நாளைக்கு ரப்பர் மாத்திக்கலாம்."

"மாத்தினப்புறம் ஓட்டுறேன்."

"அப்ப நீ கிளம்பு. உன் மச்சினன்கிட்ட லைசென்ஸ் இருக்குல்ல? இனிமே அவன்தான் டிரைவர்."

மச்சினன் முகம் பளிச்சென்று மலர்ந்தது. லைசென்ஸ் எடுத்தும் வண்டி கொடுக்க ஆளில்லாமல் கல் சுமந்தவன். "மாமா, முதல் கியர்லயே கொண்டுபோயிடுறேன்..."

டிரைவர் ஸ்பேனரை எடுத்து ஸ்டியரிங் நட்டைக் கழற்றினார். நாலு அடி அடித்து, ஸ்டியரிங்கைப் பிடுங்கித் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார். நட்டு உள்ளேயே உருண்டு விழுந்தது.

"கம்பெனி சொத்துய்யா அது!"

"ரப்பரை மாத்துங்க, நானே மாட்டித் தர்றேன்."

"பிடுங்குடா அதை!" மேனேஜர் மச்சினனைப் பார்த்துக் கத்தினார்.

மச்சினன் ஸ்டியரிங்கில் கைவைத்தான். "குடுங்க மாமா. இதை விட்டா எனக்கு யாரு வண்டி குடுப்பா?"

"தர்றேன். முதல்ல ஏறிப் பெடலை மிதி."

ஏறி மிதித்தான். கால் தடையில்லாமல் போய்ப் பலகையில் இடித்தது. மறுபடி மிதித்தான். கண்ணாடிக்கு நேர் எதிரே சுத்தியல்கள் ஓங்கி இறங்கிக்கொண்டிருந்தன. கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து நட்டைப் பொறுக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இறங்கினான்.

"நட்டு என்கிட்ட இருக்கட்டும் மாமா. உங்களை நம்ப முடியாது, மனசு இரங்கி மாட்டிக் குடுத்துடுவீங்க."

"ரெண்டு பேருக்கும் வேலை இல்லை!"

"அப்ப நீங்களே ஓட்டுங்க சார். நாங்க ஓரமாத் தள்ளி நின்னுக்கிறோம்" என்றாள் ஜல்லி உடைக்கிற ஒருத்தி.

மேனேஜர் லாரியைப் பார்த்தார். ஏறவில்லை. டிரைவர் ஸ்டியரிங்கை மடியில் வைத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தார். மச்சினன் பக்கத்தில் உட்கார்ந்து, நட்டு இருந்த பாக்கெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டான்.