ஆறு சுற்று

குன்சான் துறைமுகத்து டாக்சி கம்பெனியில் ஒரு வண்டிக்கு இரண்டு டிரைவர்கள். விடியற்காலை நான்கிலிருந்து மாலை நான்கு வரை மல்சுன், அதற்குப் பிறகு போங்சிக். அங்கே இருந்த ஒரே பெண் டிரைவர் மல்சுன்தான். டாக்சிக்கு வருமுன் ஒன்பது வருஷம் அண்ணனின் சிப்பி லாரியை ஓட்டியவள்.

அந்த வருஷம் குளிர் தொடங்கும் நேரத்தில் வண்டி அவளிடம் மட்டும் முரண்டு பிடித்தது. முதல் கியர் விழ மறுத்தது. ரிவர்ஸ் போட்டால் கல்லை அரைக்கிற சத்தம். ஸ்டேஷன் வாசலில் ஏறிய ஒருவர், "ஏம்மா, ஓட்ட வந்தியா, மாவரைக்க வந்தியா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் பின்னால் நின்ற வண்டிக்குப் போனார். நான்கு மணிக்கு அதே வண்டியைப் போங்சிக் எடுத்தால் கியர் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு விழும்.

மூன்றாவது புகார் வந்ததும் ஃபோர்மேன் பியோன் அவளை ஷெட்டில் எல்லோர் முன்னாலும் நிறுத்தினார்.

"காலை கிளட்ச் மேலயே வச்சிருக்க. தையல் மிஷின் மிதிக்கிற நெனப்பு. அவன் ஓட்டினா ஒண்ணும் ஆகலியே?"

டிரைவர்கள் சிரித்தார்கள். போங்சிக் மட்டும் சிரிக்கவில்லை. "விடுங்க ஃபோர்மேன். அக்காவுக்கு வயசாச்சு, முழங்கால் வலி இருக்கும். எம் மச்சான் சும்மாதான இருக்கான், அவனும் நானுமா இந்த வண்டியப் பாத்துக்கிறோம்" என்றான் பரிவாக.

சிரிப்பைக்கூடத் தாங்கிக்கொண்டாள். அந்தப் பரிவைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"பத்து நாள் தர்றேன்" என்றார் பியோன். "அப்புறம் நானே பக்கத்துல உக்காந்து ரெண்டு பேரு ஓட்டுறதையும் பாப்பேன்."

மறுநாள் காலை மீன் ஏலக்கூடத்தில் ஓர் ஆளை இறக்கிவிட்டு, அலைதடுப்புச் சுவரோரம் வண்டியை நிறுத்தினாள். எஞ்சினை அணைத்துவிட்டு கியரைப் போட்டுப் பார்த்தாள். ஐந்து கியரும் ரிவர்ஸும் தடையில்லாமல் விழுந்தன. எஞ்சினைப் போட்டதும் மறுபடி அரைத்தது. அப்படியானால் கியர்பாக்ஸில் குற்றமில்லை. மிதித்தாலும் கிளட்ச் முழுதாக விடவில்லை.

பானெட்டைத் திறந்தாள். கிளட்ச் கேபிளின் முனையில் இருந்த நட்டில் ஸ்பேனர் பட்ட புதுக் கீறல்கள். அதையொட்டிய மரையெல்லாம் அழுக்கேறிக் கிடக்க, ஒரு விரல்கடை அளவு மட்டும் துடைத்துவிட்டதுபோல் பளபளத்தது. நட்டு அந்த இடத்தில் தினமும் போய்வந்துகொண்டிருந்தது. அழுக்கு தொடங்கும் இடம் வரை இறுக்கினாள். ஆறு சுற்று. முதல் கியர் சொன்னபடி கேட்டது.

போங்சிக்தான் காலையில் அவளிடம் தருமுன் ஆறு சுற்றுத் தளர்த்தி, மாலையில் வாங்கியதும் ஆறு சுற்று இறுக்கியிருக்கிறான். ஒவ்வொரு மாலையும், "ஆயில் பாக்கிறேன்" என்று அவன் பானெட்டுக்குள் தலையை விட்டது இதற்குத்தான்.

அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். "தானா லூசாயிருக்கும்" என்று கையை விரித்துவிட்டுப் போவான். அது அவளுக்குப் போதாது. சிரித்த அத்தனை பேர் கண்முன்னால் அவன் முகம் செத்துப்போக வேண்டும்.

அன்றிலிருந்து காலையில் இறுக்கிக்கொண்டு பகலெல்லாம் சுகமாக ஓட்டினாள். மூன்றரை மணிக்கு ஒரு சந்தில் நிறுத்தி, பழையபடி தளர்த்திவிட்டு, ஷெட்டுக்குள் அரைத்துக்கொண்டே நுழைவாள்.

"என்னக்கா, இன்னிக்கும் மல்லுக்கட்டுதா?"

"ஆமா தம்பி. என் கைராசி அப்படி" என்று குனிந்துகொள்வாள். நிமிர்ந்தால் கண் காட்டிக்கொடுத்துவிடும்.

பத்தாம் நாள் அவள் நட்டைத் தளர்த்தவில்லை. கியர் அரைக்காதது யார் காதிலும் படாதபடி வண்டி கழுவும் இடத்துக்குப் பின்னால் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியைக் கொடுத்தாள். பியோன் கோட்டை மாட்டிக்கொண்டு வருவதற்குள் போங்சிக் அவசரமாக ஆயில் பார்த்தான். ஓட்டத் தயாராகப் புதுக் கையுறை போட்டுக்கொண்டு அவன் மச்சானும் வந்து நின்றிருந்தான்.

"முதல்ல நீ எடு" என்றார் பியோன் போங்சிக்கிடம்.

ஷெட்டுக்கு எதிரே மேடேறும் சாலை. டிரைவர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். பாதி மேட்டில் எஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை. அவன் இன்னும் அழுத்தினான். கருகல் நாற்றம் கீழே வரைக்கும் வந்தது. பியோன் இருமிக்கொண்டே இறங்கினார்.

மல்சுன் நிதானமாக மேடேறிப் போனாள். பானெட்டைத் திறந்து, எல்லோருக்கும் கேட்கும்படி எண்ணிக்கொண்டே நட்டைத் தளர்த்தினாள். ஆறோடு நிறுத்தினாள்.

"உக்காருங்க ஃபோர்மேன்."

கருகிய கிளட்சோடு வண்டி முனகிக்கொண்டு உச்சிக்குப் போய்த் திரும்பி வந்தது. கியர் ஒரு தடவைகூட அரைக்கவில்லை.

"தினமும் எனக்குக் குடுக்குறப்ப ஆறு சுத்து லூஸ் பண்ணுவான், வாங்குனதும் ஆறு சுத்து டைட் பண்ணுவான். இன்னிக்கு நான் சரியா வச்சுக் குடுத்தேன். அது தெரியாம மேல ஆறு டைட் பண்ணிட்டான், கிளட்ச் பிடிக்காம வழுக்கிக் கருகிடுச்சு. அவன் பாக்கெட்டப் பாருங்க."

பியோன் கையை நீட்டினார். போங்சிக் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தான். மச்சான் கையுறையைக் கழற்றிக்கொண்டே எங்கேயோ நழுவினான்.

"அக்கா, சின்னப் புள்ளைங்க இருக்குதுங்க. அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா."

"சொல்றேன். என் முழங்காலு நல்லாத்தான் இருக்குன்னு முதல்ல நீ எல்லாருக்கும் சொல்லு."

சொன்னான். அவள் முழுதாகக் கேட்டுக்கொண்டு பியோன் பக்கம் திரும்பினாள்.

"இவன் வேணாம் ஃபோர்மேன்."

அதன் பிறகு டிரைவர்கள் அவளிடம் மரியாதையாகப் பேசினார்கள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தே சாப்பிட்டார்கள். அதையும் அவள் ரசித்தாள்.

வசந்தத்தில் ஒரு சவாரி அவளைப் பக்கத்து ஊரான இக்சான் வரை கொண்டுபோனது. ஸ்டேஷன் வரிசையில் வேறு கம்பெனி வண்டியில் போங்சிக், கன்னம் ஒட்டி உட்கார்ந்திருந்தான். வெளியூர் வண்டி அங்கே ஆள் ஏற்றக் கூடாது. ஏற்றவும் இல்லை. அவன் வண்டிக்கு நேர் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். அவன் கண்ணாடியில் பார்த்தான், பார்வையை இறக்கினான், மறுபடி பார்த்தான். அரை மணி நேரம், வரிசை நகர நகர அவளும் பின்னாலேயே நகர்ந்தாள். அவனுக்கு ஓர் ஆள் கிடைத்துக் கிளம்பிய பிறகுதான் குன்சானுக்குத் திரும்பினாள். அன்றைக்கு அவளுக்கு நல்ல பசி.