டாக்டர் தலையாட்டவில்லை

எங்கள் ஜாஸ் சங்கத்தின் தலைவர் ஒரு பல் டாக்டர். பார்க்கிறவர்களை எல்லாம் வாயைத் திறக்கச் சொல்லிப் பழகிய மனிதர், கிளாரினெட்டை எடுத்துவிட்டால் தன் வாயை மூடமாட்டார். எனக்கு அவரைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் இவள் நியாயமாகப் பேசவில்லை என்று யாரும் குறைப்பட வேண்டாம்.

சங்கத்தைக் குறை சொல்லமாட்டேன். சுற்றுவட்டாரத்தில் ஜாஸை நேரில் உட்கார்ந்து கேட்க வேறு இடமே கிடையாது. சனிக்கிழமைகளில் நூலக மாடியில் வகுப்பு நடக்கும். யார் வேண்டுமானாலும் வரலாம், வாத்தியத்தையும் சங்கமே கொடுக்கும். நான் அங்கேதான் டிரம்ஸ் கற்றேன், இப்போது அங்கேயே சொல்லிக்கொடுக்கிறேன். லாரி ஓட்டுகிறவர், மீசை என்றுதான் கூப்பிடுவோம், பேஸ் கிதார் வாசிப்பார். தையற்கடை வைத்திருக்கும் என் நாத்தனார் டிரம்பெட். நாத்தனாரும் அண்ணியும் எப்படி இவ்வளவு ஒற்றுமையாக இருக்கிறீர்கள் என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். நான் அடிப்பேன், அவள் ஊதித் தள்ளிவிடுவாள் என்பேன்.

எங்கள் வாசிப்பில் ஒரு முறை உண்டு. முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசிப்போம். பிறகு ஒவ்வொருவராக, அந்த மெட்டை வைத்துக்கொண்டு மனதில் தோன்றியதை வாசிக்க வேண்டும். மெட்டு ஒரு தடவை ஓடி முடிகிற நேரம் ஒரு சுற்று. ஆளுக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. தன் பங்கு முடிந்ததும் அடுத்தவரைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டல் வரும்வரை குறுக்கே புகக்கூடாது. வகுப்பில் முதல் நாளே சொல்லித்தரும் பாடம் இது. சொல்லித்தருவது டாக்டர்தான், அதுதான் கொடுமை.

மேடை ஏறினால் மட்டும் அவருக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஒரு சுற்று போகும், இரண்டு போகும், மனிதர் கண்ணை மூடிக்கொண்டு ஊதிக்கொண்டே இருப்பார். அடுத்தது என் நாத்தனார். டிரம்பெட்டை உதட்டருகே தூக்கிப் பிடித்தபடி நிற்பாள். டாக்டர் கண்ணைத் திறக்கும்போது எல்லோரும் சேர்ந்து முடிக்கிற கட்டம் வந்திருக்கும். போன கச்சேரியிலும் அப்படித்தான், அதற்கு முந்தியதிலும் அப்படித்தான். வீட்டுக்கு வந்து நான்தான் குதிப்பேன். "விடுங்க அண்ணி, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்பாள் அவள்.

ஆனால் இந்தத் தடவை அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது. அவளுக்கு ஈறு கெட்டு முன்பல் ஆடிக்கொண்டிருந்தது. கச்சேரி முடிந்து வருகிற வியாழக்கிழமை பிடுங்கியாக வேண்டும். டிரம்பெட்காரிக்கு முன்பல் போனால் உதட்டுக்குப் பின்னால் பிடிமானம் போய்விடும். செயற்கைப் பல் கட்டியபிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து பழக வேண்டும். அந்தப் பழைய நாதம் திரும்பி வருமா என்று யாராலும் சொல்ல முடியாது. நாளைக் குறித்துக் கொடுத்தது சாட்சாத் நம் டாக்டர். "வாசிக்கறதையெல்லாம் ஞாயித்துக்கிழமை கச்சேரியிலயே வாசிச்சுடும்மா" என்று, சிகிச்சை நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்தவளிடம் அவரே சொல்லியிருக்கிறார்.

ஒத்திகை முடிந்ததும் நான் அவரைத் தனியாகப் பிடித்தேன்.

"டாக்டர், கடைசிப் பாட்டுல அவளுக்கு ஒரு சுத்து விட்டுடுங்க. அதுக்கப்புறம் அவ வாசிப்பாளான்னே தெரியாது."

"என்னம்மா இப்படி கேக்கறீங்க? நம்ம சங்கம் எதுக்கு இருக்கு? எல்லாருக்கும் வாய்ப்பு குடுக்கத்தானே" என்றார், கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டே. நானும் நம்பித் தொலைத்தேன்.

ஞாயிறு மாலை பள்ளிக்கூட அரங்கு நிறைந்திருந்தது. முன்வரிசையில் சிறப்பு விருந்தினர், அவருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர், தங்கை வாசிப்பதைப் படம் பிடிக்கக் கைப்பேசியோடு. கடைசிப் பாட்டு மெதுவான பாட்டு. மெட்டை வாசித்து முடித்தோம், டாக்டர் ஆரம்பித்தார். முதல் சுற்று நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக்கூடாது. இரண்டாவதில் முதல் சுற்றையே திரும்ப வாசித்தார். மூன்றாவது தொடங்கியதும் மீசை என்னைப் பார்த்தார். நாத்தனார் டிரம்பெட்டைத் தூக்கிப் பிடித்துவிட்டாள். நான்காவது. அடுத்த சுற்றில் டாக்டர் கண்ணைத் திறந்தார். நேராக அவளைப் பார்த்தார். அவள் நிற்பதைப் பார்த்தார், பார்த்துவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

பாவி. வியாழக்கிழமை அந்தப் பல்லைப் பிடுங்கப்போகிறவனே நீதானே.

நான் கையை நிறுத்திவிட்டேன். டிரம்ஸ் நின்றதும் மீசையின் விரல்களும் நின்றன. கிளாரினெட் மட்டும் தனியாகக் கொஞ்ச தூரம் தடுமாறிப் போனது. இப்போது வழிவிட்டுத்தானே ஆகவேண்டும் என்று நினைத்தேன். அவரா விடுவார்? மேலே ஒரு நீளமான ஸ்வரத்தைப் பிடித்து, இழுத்து, முடிவு போலவே முடித்தார். மைக்கை எடுத்தார். "நன்றி, மிக்க நன்றி." அரங்கம் கைதட்டியது. சிறப்பு விருந்தினர் பேசுவதற்கு எழுந்தார். என் வீட்டுக்காரர் கைப்பேசியை இறக்கிவிட்டு என்னைத்தான் பார்த்தார். அவள் முகத்தில் கதவைச் சாத்தியது டாக்டர் அல்ல, நான்தான் என்பது அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது.

அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள் அவள் ஊத ஆரம்பித்தாள்.

பின்னால் எதுவும் இல்லாமல், தன்னந்தனியாக. டாக்டர் மைக்கோடு அப்படியே நின்றார். விருந்தினர் பாதி எழுந்த நிலையில் திரும்ப உட்கார்ந்தார். நான் அவசரமாகக் குச்சிகளை எடுத்தேன். அவள் வாயிலிருந்து டிரம்பெட்டை எடுக்காமலே இடது கையை என் பக்கம் நீட்டி, வேண்டாம் என்று காட்டினாள். குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டேன். சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

பல்லுக்கு வலிக்காதபடி கீழ் ஸ்வரங்களிலேயே கொஞ்ச நேரம் நடந்தாள். பிறகு மேலே ஒன்றைத் தொட்டாள், அது உடைந்தது. மறுபடி தொட்டாள், மறுபடி உடைந்தது. அதை விட்டுவிட்டுப் போவாள் என்று நினைத்தேன். அவள் போகவில்லை. அந்த உடைந்த சத்தத்தையே திரும்பத் திரும்ப எடுத்து, மிச்சச் சுற்று முழுவதையும் அதன் மேலேயே கட்டினாள். முடித்தபோது ஒரு கணம் கழித்துத்தான் கைதட்டினார்கள். டாக்டர் உடனே மைக்கைப் பிடித்தார். "எங்கள் சங்கத்தின் மாணவி" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் நான் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். "நீங்க எல்லாம் ஒரு தலைவரா?" என்பதுதான் அதில் வெளியே சொல்லக்கூடியது. "உணர்ச்சிவசப்படாதீங்கம்மா, பாட்டை நடுவுல நிறுத்தினது நீங்கதான்" என்று சொல்லிவிட்டு விருந்தினரை வழியனுப்பப் போய்விட்டார்.

நாத்தனார் மூலையில் உட்கார்ந்து டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உதட்டோரம் ரத்தம்.

"கேட்டியாடி அந்த ஆளு பேசறதை?"

"நீங்க எதுக்கு அண்ணி நிறுத்தினீங்க?"

"உனக்காகத்தான்டி."

"அவர் தலையாட்டமாட்டார்னு எனக்குத் தெரியாதா? அந்தச் சுத்து முடிஞ்சதும் நானே புகுந்துடலாம்னு மூச்சை இழுத்துட்டேன்." அவள் நிமிரவில்லை. "உங்க டிரம்ஸ் மேல ஒரே ஒரு சுத்து வாசிக்கணும்னுதான் இந்தப் பல்லை இத்தனை நாள் பொத்திப் பொத்தி வச்சிருந்தேன்."

"அப்புறம் நான் குச்சியை எடுத்தப்ப ஏன்டி வேணாம்னு கை காட்டின?"

"பயமா இருந்துச்சு அண்ணி" என்றாள். "மறுபடியும் உங்களுக்குக் கோவம் வந்து நடுவுல நிறுத்திட்டீங்கன்னா?"