ஆறிய கையும் ஆறவில்லை என்ற சொல்லும்

மேற்கே மலைத்தொடர் நீலக்கோடாய் நீண்டிருக்க, கிழக்கே கரிசல் நிலம் வானின் விளிம்பைத் தொடுமட்டும் கருத்து விரிந்திருக்க, மழை பொய்த்த ஆண்டில் மெலிந்தும் பெய்த ஆண்டில் பெருகியும் வைப்பாறு வந்து தேங்குகின்ற வெம்பக்கோட்டை நீர்த்தேக்கத்தின் கரையெங்கும் மாசித் திங்களின் காலை வெயில் பரவிக்கொண்டிருந்தது. ஒருவரையொருவர் நம்பாத அயலாரைப்போல் எட்ட எட்ட நின்ற பட்டாசுத் தொழிற்கூடங்கள், ஒன்றில் தீப்பட்டால் மற்றொன்று பிழைக்கட்டும் என்னும் முன்னறிவோடு வேம்பின் நிழல்களில் பதுங்கியிருந்தன. காலணியை வாயிலில் கழற்றிவைத்து, பருத்தி ஆடையே உடுத்து, பொறி எழுப்பும் இரும்பை விலக்கி, ஆடவரும் பெண்டிரும் அவற்றினுள் புகுந்துகொண்டிருந்தனர். தீயை விற்று உண்ணும் இந்நாட்டில் தீயை அஞ்சாதார் எவருமிலர். ஆயினும், நூல்நயம் உணர்ந்த அன்பரே, பங்குனிப் பொங்கல் வந்துவிட்டால் அத்தீயையே சட்டியில் வளர்த்து, வேப்பிலையை அடியில் தாங்கி, வெறுங்காலோடு விருதுநகர்த் தெருக்களில் நடந்து, மாரியம்மன் முன்னிலையில் இறக்கிவைப்போரும் இவர்களே. அஞ்சும் கையும் ஏந்தும் கையும் ஒன்றே என்பதை அயல்நாட்டிலிருந்து வருவோர் எளிதில் உணர்வதில்லை.

அதை அரிதின் உணர்ந்தவர் நீமா என்னும் கன்னித்துறவி. ஆப்பிரிக்கப் பெருநிலத்தில், பனிமுடி தரித்த கிளிமஞ்சாரோ மலையின் அடிவாரத்து வாழைத் தோட்டமொன்றில் பிறந்து, செவிலியர் கல்வி கற்று, கிறித்துவின் பணிக்கெனத் தம்மை ஒப்புவித்துக் கடல் கடந்து வந்தவர். நீர்த்தேக்கத்திற்கு அருகே அவருடைய துறவியர் குழு நடத்திவந்த சிறு மருத்துவ இல்லத்தில், தீப்புண்பட்டோரின் காயங்களைக் கழுவிக் கட்டுவது அவர் பணி. தமிழை ஏட்டிலிருந்தே கற்றமையால் அவர் பேசுங்கால் எழுத்துநடையே வரும். சிஸ்டரம்மா காய்ச்சலைப் பற்றிக் கேட்பதுகூட வானொலியில் செய்தி வாசிப்பது போலிருக்கிறது என்று ஊர்ப்பெண்கள் அன்போடு நகைப்பர். அவரும் உடன் நகைப்பார்.

நகையின் அடியில் துயரொன்று இருந்தது. விதைக்க வந்தவர் விளைச்சலைத் தேடுவது இயல்பன்றோ? ஆண்டுகள் பல கழிந்தும் அவர் கையால் நலம் பெற்றோரில் ஒருவரேனும் திருமுழுக்கு வேண்டி வந்தாரில்லை. மருந்தை நன்றியோடு ஏற்றனர். கிறித்துப் பிறப்பு நாளில் தந்த இனிப்பை மகிழ்ந்து உண்டனர். பின்னர்த் தத்தம் கோயிலுக்கே சென்றனர். மாலை வேண்டுதலில் முழந்தாளிட்டிருக்கும்போதெல்லாம், தம் உழைப்பு பாறைமேல் பெய்த மழையோ என்னும் ஐயம் அவர் நெஞ்சில் எறும்பைப்போல் ஊர்ந்துகொண்டிருந்தது.

அந்நிலையில் அவரிடம் வந்தவள் மாரிசெல்வி. முந்தைய ஆண்டின் தீபாவளிப் பரபரப்பில், பட்டாசுக்கு வெடிமருந்து செலுத்தும் அறையொன்றில் எழுந்த தீயில் அவளுடைய உள்ளங்கைகள் இரண்டும் வெந்தன. மதுரை மருத்துவர் தொடைத்தோலை எடுத்துக் கைகளில் ஒட்டி அனுப்ப, எஞ்சிய நெடும்பணி நீமாவினுடையதாயிற்று. கட்டு மாற்றுவதும், எண்ணெய் தடவி இறுகிய தோலை இளக்குவதும், மடங்கி நின்ற விரல்களை ஒவ்வொன்றாய் நிமிர்த்துவதுமாகத் திங்கள்கள் நகர்ந்தன. நோவு மிகும்போது நீமா தம் ஆண்டவரை நோக்கி மெல்லென வேண்டுவார். மாரிசெல்வியும் கண்மூடி உடன் முணுமுணுப்பாள். பின்னர் ஞாயிறுதோறும் சிற்றாலயத்தின் கடைசி வரிசையில் அவள் வந்தமரலானாள். முதற்கனி பழுத்துவருகிறது என்று நீமா தம் தலைமைத் துறவியிடம் தொலைபேசியில் உவகையோடு உரைத்துமிருந்தார்.

மாசி பிறந்ததும் மதுரை மருத்துவர் கைகளைப் பார்த்து, இனி எவ்வேலையும் செய்யலாம் என்று பின்னர்த் தொலைபேசியில் நீமாவிடம் தெரிவித்தார். அச்செய்தியை அவர் மாரிசெல்விக்குச் சொல்லுமுன்னரே, அவள் விரல்களை விரித்துக் காட்டியவாறு கேட்டாள்.

"சிஸ்டரம்மா, கை நல்லாயிட்டா பங்குனிப் பொங்கலுக்குத் தீச்சட்டி எடுக்கேன்னு ஆத்தாளுக்கு நேந்திருக்கேன். கை தாங்குமா? நீங்க சொல்லுறதுதான்."

நீமாவின் நெஞ்சில் அக்கணம் இரு குரல்கள் எழுந்தன. ஒன்று, புதுத்தோலைத் தீயிடம் கொடுக்க அஞ்சும் செவிலியின் குரல். மற்றொன்று, தாம் இறைவனுக்கென ஆற்றிய கைகள் வேறொரு வாயிலுக்குச் செல்வதைப் பொறாத குரல். பின்னது முன்னதன் ஆடையை உடுத்துக்கொண்டு வந்தது.

"இன்னும் ஆறவில்லை. இவ்வாண்டு வேண்டாம்" என்றார்.

அவள் தலையசைத்துச் சென்றாள்.

காக்கையின் கதையொன்று உண்டு. தன் கூட்டில் பொரித்த குஞ்சு ஒருநாள் வாய்திறந்து கூவக் கேட்ட காக்கை, வெகுண்டு கொத்தவுமில்லை, துரத்தவுமில்லை. "குழந்தாய், உன் தொண்டையில் புண் இருக்கிறது, ஆறுமட்டும் வாய் திறவாதே" என்று பரிவோடு கூறிற்று. குஞ்சு நம்பிற்று. இளவேனில் வந்தது; சோலை முழுதும் கூவியது; அக்குஞ்சு மட்டும் இல்லாத புண்ணுக்கு அஞ்சி வாளா இருந்தது. கொத்தும் காக்கையிடமிருந்து குயில் பறந்து தப்பும். பரிவு காட்டும் காக்கையிடமிருந்து எங்ஙனம் தப்பும்?

திருவிழாவுக்கு முந்தைய நாள் நண்பகலில், திருத்தங்கல் அச்சகத்தில் வேலைசெய்யும் சங்கிலிமுத்து, மாரிசெல்வியின் கணவன், மருத்துவ இல்லத்திற்கு வந்து தீப்புண் களிம்பு வேண்டினான். யாருக்கென்று நீமா வினவ, இனிமேல்தான் வேண்டியிருக்கும் என்று அவன் சிரித்தான்.

"அத்தைதான் நாளைக்குச் சட்டி எடுக்காக. மக நேர்ந்தத ஆத்தா கிட்ட கடன் வைக்கக் கூடாதாம். கண்ணுல பொறை விழுந்து பாதி தெரியல, காலும் தள்ளாடுது. நான் எடுக்கேன்னு சொல்லிப் பாத்துட்டேன். நீங்க எடுத்தா டீக்கடையில எறக்கி வச்சுட்டு அரசியல் பேசிக்கிட்டு நிப்பீகன்னு சொல்லிட்டாக."

பிறிதொரு வேளையாயின் நீமா சிரித்திருப்பார். அன்றோ, தாம் ஒரு கையைக் காப்பதாய்ச் சொன்ன பொய், முதுமையுற்ற மற்றொரு கையைத் தீயின்கீழ் வைத்துவிட்டதை அவர் கண்டார். உலகை ஆள்பவராய்த் தாம் வணங்கிய ஆண்டவருக்கு, தம்முடைய ஒரு பொய் துணைநிற்க வேண்டுமென்று எண்ணியதும் அப்போதுதான் அவருக்குத் தெளிவாயிற்று. களிம்பை அவன் கையில் கொடாமல் தம் பையில் இட்டுக்கொண்டு, அவனோடு அடுத்த பேருந்தில் ஏறினார்.

விருதுநகர் மஞ்சளாடை உடுத்திய மாந்தரால் நிறைந்திருந்தது. கோயிலுக்கு அண்மையில் உறவினர் வீடொன்றின் முற்றத்தில் மாரிசெல்வியின் தாய் வள்ளித்தாய் கையில் காப்புக் கட்டி அமர்ந்து, மறுநாளுக்கென வேப்பிலையைத் தடவித் தடவி ஆய்ந்துகொண்டிருந்தார். தாயோடு தானும் நோன்பு காத்த மாரிசெல்வி அருகே இருந்தாள். வாங்க, இருங்க என்ற வரவேற்பு முடியுமட்டும் பொறாது, நீமா நின்றவாறே பேசினார்.

"மாரிசெல்வி, உன் கை ஆறிவிட்டது. மருத்துவர் மாசியிலேயே என்னிடம் கூறினார். நான் மறைத்தேன்."

"எதுக்கு மறைச்சீக?"

"உன்னை என் ஆண்டவரிடம் அழைத்துச் செல்ல விரும்பினேன். இங்கே நீ வந்துவிட்டால் அது நடவாது என்று அஞ்சினேன்."

மாரிசெல்வி தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். அவள் சினந்திருந்தாலோ அழுதிருந்தாலோ நீமாவுக்கு அது ஆறுதலாய் இருந்திருக்கும்.

"வாறியான்னு நேரா என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல. வாறேன்னோ வரலேன்னோ நான் சொல்லியிருப்பேன். உங்க கோயிலுல வந்து உக்காந்தது அங்கன அமைதியா இருக்குன்னுதான். உங்க சாமிய நான் வேத்தாளா நெனைக்கல. நீங்கதான் என்னய வேத்தாளா நெனைச்சிட்டீக."

 

"உங்க கைய நம்பித்தான் அம்புட்டு வலியவும் பொறுத்தேன்" என்று அவள் தொடர்ந்தாள். "இனி நீங்க எது சொன்னாலும் மெய்தானான்னு இன்னொருக்கக் கேப்பேன். சங்கடப்படாதீக."

வள்ளித்தாய் தம் காப்பைத் தடவியவாறு, எல்லாரும் நிற்கிறார்களே, சிஸ்டரம்மா சாப்பிட்டாகளா என்று எவரேனும் கேட்டீர்களா என்று மகளைக் கடிந்தார். மன்னிப்பென்று சொல்லத்தக்கதாய் அன்று அவ்வீட்டில் வழங்கப்பட்டது ஒரு குவளை நீர்மோர் மட்டுமே. நீமா அதை வாங்கி அருந்தினார்.

மறுநாள் மாரிசெல்வியே தீச்சட்டி ஏந்தினாள். குலவையொலியும் கொட்டுமுழக்கும் தெருவை நிறைக்க, தார்ச்சாலை வெயிலில் கொதிக்க, வீட்டு வாயில்தோறும் பெண்டிர் குடங்குடமாய் மஞ்சள்நீரை நடப்போரின் காலடியில் ஊற்றினர். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற நீமாவின் கையில் யாரோ ஒருத்தி, சும்மா நிற்கிறீர்களே என்று ஒரு குடத்தைத் திணித்துச் சென்றாள். இது தகுமா தகாதா என்று அவர் ஒரு நொடி தயங்கினார். பின்னர், எதிரே வருபவை வெந்த பாதங்கள், தம் கையில் இருப்பது நீர், இவ்விரண்டுக்கும் இடையே தம்மிடம் விடை கேட்பார் எவருமிலர் என்று கண்டு, குனிந்து ஊற்றினார். அப்பொழுது அவர் தம் ஆண்டவரிடம் எதையும் வேண்டவில்லை. ஆயினும் கடல் கடந்து வந்த பின்னர் அத்துணை அணுக்கமாய் அவரை ஒருபோதும் உணர்ந்ததுமில்லை.

சட்டியை இறக்கிவைத்து மீண்ட மாரிசெல்வி, வேர்வை வழிய நேரே அவரிடம் வந்து கைகளை நீட்டினாள். நீமா அவற்றைப் பற்றி வெயிலில் திருப்பிப் பார்த்தார்.

"வலக்கையில் ஓரிடம் சிவந்திருக்கிறது. களிம்பு இட வேண்டும். மற்றவை நலம்."

"மெய்தானா?"

"மெய்தான்."

அவள் மேலும் சிறிது நேரம் அவர் முகத்தையே நோக்கியிருந்தாள். பின்னர்க் கையை அவரிடமே விட்டுவைத்தாள். நீமா பையிலிருந்த களிம்பைத் திறந்தார்.

அதன்பின் மாரிசெல்வி சிற்றாலயத்திற்கு வந்ததும் உண்டு, வாராததும் உண்டு. திருமுழுக்கைக் குறித்து நீமா நேராகவே ஒருமுறை கேட்டார். அவளும் நேராகவே, இல்லை என்றாள். அம்மறுமொழியை அவர் அமைதியோடு ஏற்றார் என்பதே அவருடைய நெடும்பயணத்தில் நாம் குறித்துச் சொல்லத்தக்க வளர்ச்சி. விளைச்சலைக் காணாத உழவரையும் மண் உழவரென்றே அறியும். தான் ஆற்றிய காயத்தின்மேல் தன் பெயரைப் பொறியாது விடும் கைக்கு, இறைவன் அருகில் ஓரிடம் ஒருகால் இருக்கக்கூடும். இல்லையெனினும், அக்கையால் நலம்பெற்றார் அச்சமின்றித் தம் வழியே நடந்து செல்வர், அது சிறிதன்று.