துபாய் சீஸ்

துபாயிலிருந்து வந்த மைதீன் பாட்சா நேராக டிஸ்பென்சரிக்குள் நுழைந்தபோது நான் மருந்து அளந்துகொண்டிருந்தேன். அவர் மனைவி சுபைதா பேகம் இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அந்த நாற்பது நாளும் எனக்குச் சரியான தூக்கமில்லை. பெஞ்சில் வெள்ளைத் துப்பட்டி போட்டு யார் உட்கார்ந்தாலும் அவள்தானோ என்று எட்டிப் பார்த்தேன்.

சங்கரன்கோவிலில் என் வாய்க்கென்று ஒரு பேர் உண்டு. கம்பவுண்டர் ஆறுமுகச்சாமி என்றால் மருந்து பாதி, கேலி பாதி. அதில் எனக்குப் பெருமையும் கொஞ்சம் அதிகம்தான்.

சித்திரையில் சுபைதா வந்தபோது பிரஷர் நூற்று முப்பதுக்கு எண்பது. மூன்று வருஷத்தில் அவ்வளவு இறங்கியதே கிடையாது. அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"துபாய்லேர்ந்து அவுக சீஸ் அனுப்பிருக்காக அண்ணாச்சி. நாள்பட்ட சீஸ்ல பிரஷரைக் குறைக்கிற சத்து இருக்காம். அவுக கம்பெனி வெள்ளக்காரர் சொன்னாராம். சோப்பு மாதிரி இருக்கு, மூக்கைப் பிடிச்சிக்கிட்டுத் திங்கேன்."

நான் கொடுத்த பிரஷர் மாத்திரையையும் அவள் விடாமல்தான் சாப்பிட்டுவந்தாள். பிரஷரைக் குறைத்தது அந்த மாத்திரைதான், அதை விட்டுவிடாதே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பெஞ்சில் கூட்டம் இருந்தது. வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்பம் மாத்திரைய ஒங்க மாப்பிள்ளைக்கு அனுப்பிருங்க. பொண்டாட்டியப் பாக்காம அவருக்குத்தான் பிரஷர் ஏறிக் கெடக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் துப்பட்டிக்குள் சிரித்தாள். அதற்குப் பிறகு மாத்திரை வாங்க வரவேயில்லை. ஆடியில், மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இறந்துபோனாள் என்று சேதி வந்தது. கேலியைக் கேலியாக எடுத்துக்கொள்ளத் தெரியாதா என்று முதலில் அவள்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. பிறகு, ஒருவேளை வேறு காரணமாக இருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன்.

மைதீன் பாட்சா சட்டைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். உள்ளே பிரிக்காத மாத்திரை அட்டைகள்.

"துபாய்க்கு வந்த ஆளுகிட்ட குடுத்துவிட்டிருந்தா அண்ணாச்சி. 'கம்பவுண்டரண்ணாச்சிதான் அனுப்பச் சொன்னாக, மறக்காமத் தின்னுங்க'ன்னு கடுதாசி. எனக்குப் பிரஷர் இருக்கும்னு எப்படிக் கண்டுபிடிச்சீக?"

கேலிக்குச் சொன்னேன் என்று சொல்ல வேண்டியவன், பிரஷர் பார்க்கும் கருவியை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

அவர் முழுக்கைச் சட்டையைச் சுருட்டிவிட்டு, கையை மேஜைமேல் நீட்டினார்.

"பாத்துச் சொல்லுங்க. அவ கடைசியாச் சொன்னதையாவது கேக்கணும்லா."

துணிப்பட்டையைக் கையில் சுற்றி, ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு ரப்பர் பல்பை அமுக்கினேன். பாதரசம் ஏறியது. காற்றை மெள்ள விட்டேன். அவர் நாடி எனக்குக் கேட்கவில்லை. என் நெஞ்சு அடிப்பதுதான் காது நிறையக் கேட்டது. பாதரசம் அடிவரை இறங்கிவிட்டது.

"எவ்வளவு அண்ணாச்சி?" என்றார்.

நான் மறுபடியும் பல்பை அமுக்கினேன்.